வேண்டாங்க என்று சொல்லப் பழகிய என் நங்கையா

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஓட்டை, நூல் இழுப்பு, எண்ணெய்க் கறை, கோணல் தையல் என்று குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வேலை முடிந்து வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். சாம்பாரில் உப்பு, அண்ணன் ஒதுக்கிய மீசையின் கோணல், எதிர்வீட்டுக் கோலத்தில் விட்டுப்போன புள்ளி, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. எங்கள் தெருவில் என்னைக் கண்டால் பாதிப் பேர் சேலையைச் சரிசெய்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு மனுஷியைப் பார்த்து இத்தனை வருஷமாக வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன். அவள் என் நங்கையா. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். நேரில் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவேன். எழுதும்போது அவள் என்றுதான் வருகிறது, அவ்வளவு நெருக்கமாகிவிட்டாள்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வளர்ந்த பெண். கல்யாணத்துக்கு முதல் நாள் வளையல் போட வந்த அம்மாள், வழக்கம்போல சோப்பும் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தச் சோப்புக்கு அழுதவர்கள்தான். நங்கையா கையை நீட்டினாள். வளையல்காரம்மாள் பிடித்து அமுக்கியதும் கட்டைவிரல் உள்ளே மடங்கி, கை துவைத்த துணிபோலச் சுருண்டுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும் அளவு வளையல் சோப்பே இல்லாமல் ஏறியது.

“எலும்பே இல்லாத கையாட்ட இருக்குதுங்களே! ராசியான பொண்ணுங்க,” என்றார் அவர்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் மருமகளின் கையைக் காட்டினாள். குழந்தைகள் சூழ்ந்துகொண்டன. நங்கையா கட்டைவிரலைப் பின்னால் வளைத்து முன்கையைத் தொட வைத்தாள், முழங்கையை எதிர்ப்புறம் மடக்கிக் காட்டினாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவை கேட்கக் கேட்க, கல்யாணப் பெண் என்கிற கூச்சம்கூட இல்லாமல் செய்துகொண்டே இருந்தாள். யார் கேட்டும் அவள் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

வீரபாண்டியில் எங்கள் வீடு. அங்கிருந்து அருள்புரத்தில் இருக்கும் என் கம்பெனிக்கே அவளும் வேலைக்கு வந்தாள். கைக்குழந்தைகளுக்கான உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. முதலில் கைமடி வேலை, அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து மடித்து வைப்பது. மற்றவர்கள் வருஷக்கணக்கில் கைமடியாகவே நிற்பார்கள். இவள் சீக்கிரமே மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். காரணம் அந்த விரல்கள்தான். பிறந்த குழந்தையின் சட்டைக் கை எவ்வளவு இருக்கும்? அதற்குப் பட்டி வைத்துத் தைத்து, உள்புறத்தை வெளியே திருப்பி எடுக்கவேண்டும். எங்களுக்கெல்லாம் குச்சி வேண்டும். இவள் கட்டைவிரலைப் பின்னால் மடித்து உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றினால் சட்டைக் கை பூ மாதிரி வெளியே வந்து நிற்கும். நான் அவள் தைத்த பீஸில் குறை தேடித் தேடிக் களைத்துப் போயிருக்கிறேன்.

சூப்பர்வைசர் அதற்கு ‘ரப்பர் கை’ என்று பெயர் வைத்தார். வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வந்தால், அவளுடைய மிஷினுக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவார். அவர்கள் கைதட்டுவார்கள். நாங்களும் தட்டினோம். எதை அருமையான கை என்று கொண்டாடினோமோ அதைத்தான் அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் பஸ்ஸில் நின்றபடி வந்துகொண்டிருந்தோம். டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். மேல் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய தோள் கழன்று கை தொங்கியது. அவள் கம்பத்தில் சாய்ந்து, மறு கையால் அந்தத் தோளைத் தாங்கி, கண்ணை மூடி ஒரு தள்ளு தள்ளினாள். டொக் என்று சத்தம் கேட்டது. பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “டிக்கெட் வாங்கிட்டயா அம்முணி?” என்றாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானாம். சமதரையில் நடந்தாலே கால் பிசகும். உடம்பில் எங்கேயாவது ஒரு கன்றிப்போன தடம் இருக்கும். எங்கே இடித்தோம் என்று அவளுக்கே தெரியாது.

மூட்டு வலியைக்கூட அவள் சொல்லிவிடுவாள். சொல்லாமல் மறைத்தது வெசனத்தை, மனசை அரிக்கும் அந்தக் கவலையை. விடிந்ததும் அது தொடங்கிவிடும். கம்பெனி சங்கு ஊதினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்றைக்கு இத்தனை பீஸ் வரவேண்டும் என்று பலகையில் எழுதினால் கை சில்லிட்டுப்போகும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டும், மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று முகம் வெளுத்துவிடும். பயந்த சுபாவம் என்று வீட்டில் முடிவு கட்டினோம். அம்மா முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய் மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டாள். நங்கையாவும் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்றே நம்பினாள். அதற்காக மனசுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டும் இருந்தாள்.

எங்கள் டீ டைம் பற்றிச் சொல்லவேண்டும். சங்கு ஊதியதும் ஆண்கள் பேக்கரிக்கு ஓடுவார்கள். பெண்கள் காம்பவுண்டுக்குள் நிழல் பார்த்து வட்டமாக உட்காருவோம். டீயும் தேங்காய் பன்னும் வரும். கூடவே மாத்திரை அட்டையும் சுற்றி வரும். ஒருத்தி இடுப்பைப் பிடித்தால் போதும், நாலு பர்ஸ் திறக்கும். “இந்தாங்க, போட்டுக்கோங்க.” தலைவலி, முதுகுவலி, மாதவலி எல்லாவற்றுக்கும் அதுதான். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தையே அந்த ‘இந்தாங்க’தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல எங்களுக்கு அது ஒரு மரியாதை. வாங்காமல் போனால் கொடுத்தவள் முகம் வாடிவிடும். அதில் அன்பு இருந்தது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த வட்டத்தில்தான் ஒருநாள் யாரோ வேறொரு மாத்திரையை எடுத்தார்கள். சாதா வலி மாத்திரை இல்லை, அதைவிடக் காட்டமானது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் சீட்டுக் கேட்காமல் கொடுத்தார்கள். போட்ட அன்று நங்கையா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

“நோவு போனது கெடக்கட்டும் அம்முணி. நெஞ்சுக்குள்ள ஓடிட்டே இருந்துதல்லோ, அது நின்னுபோச்சு. எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்களாட்ட இருக்குது. எனக்கு இத்தன நாளாத் தெரியவே இல்ல பாரு.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்தாள். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் முன்பு தயங்குவாள், இப்போது தானே கேட்டு நின்றாள். பிறகு காலையில் ஒன்று, டீக்கு ஒன்று, பொழுது சாய ஒன்று என்று ஆயிற்று. இல்லாத நாளில் மூக்கு ஒழுகும், கொட்டாவி நிற்காது, எலும்பெல்லாம் குடையும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். மழைக்காலக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டோம். என் அண்ணன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன். அவன் அதைச் சத்து மாத்திரை என்றே நினைத்திருந்தான். ஆம்பிளை குடித்தால் ரோட்டில் விழுந்து கிடப்பான், ஊரே பேசும். பொம்பிளை இப்படி மாத்திரை போட்டால் கூடுதலாக நாலு பீஸ் தைப்பாள். அதை எவன் கேட்கப் போகிறான்? இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

அவளுக்கு ஒரு மகள். அம்மாவின் விரல்கள் அச்சு அசலாக அவளுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள் முழங்கால் நோவுது என்று அழுதாள். நங்கையா பர்ஸைத் திறந்தாள். ஒரு மாத்திரையை உடைத்துப் பாதியைக் கொடுத்தாள். எத்தனையோ பேர் தனக்குச் செய்ததைத்தான் செய்தாள், பிள்ளையின் மேல் இருந்த பிரியத்தால் செய்தாள்.

குழந்தை தூங்கிப்போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் சாப்பிடக் கூப்பிட்டேன், அசையவில்லை. உலுக்கினால் கண் பாதி திறந்து மூடியது. மூச்சு விட்டு விட்டு வந்தது. அண்ணன் அவளை வேனில் போட்டுக்கொண்டு எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, வெறும் சோறுதானுங்க,” என்று அம்மா தொடங்கினாள். குடும்ப மானம் அவளுக்குப் பெரிசு. நங்கையா அம்மாவைத் தாண்டி முன்னால் வந்தாள். பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இதுல பாதிங்க. நான்தானுங்க குடுத்தேன். நான் தெனமும் போடறனுங்க. அதில்லாம என்னால இருக்க முடியறதில்லீங்க.”

அண்ணன் அவளைப் பார்த்தான். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் முத்திரை குத்திய பெண், மாமியாரும் புருஷனும் நிற்க, நின்ற நிலையில் அதைச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அந்தத் தைரியம் கிடையாது. எனக்கும் கிடையாது.

பொழுது சாய்வதற்குள் குழந்தை எழுந்து புரோட்டா கேட்டாள். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கையில் ஊசி ஏற்றும்போதே அந்த விரல்களை டாக்டர் கவனித்திருக்கிறார். வளைத்துக் காட்டச் சொன்னார். பிறகு நங்கையாவையும் காட்டச் சொன்னார். கட்டைவிரல், முழங்கை, குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது என்று எல்லாம் பார்த்தார். பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார். பிறவியிலேயே மூட்டுகளைக் கட்டி நிறுத்தும் நார் தளர்வாக இருக்கிறதாம். அதனால்தான் கழலுகிறது, பிசகுகிறது, வலிக்கிறது. அப்படி இருப்பவர்கள் பலருக்குப் படபடப்பும் தலைச்சுற்றலும் பயமும் சேர்ந்தே வருமாம். வலிக்கும் பயத்துக்கும் ஒரே மாத்திரையில் நிம்மதி கிடைத்தால் அதை விடுவது கஷ்டம்தான், ஆனால் விடலாம் என்றார். திடீரென்று நிறுத்தக்கூடாது, நாங்கள் சொல்கிறபடி குறைக்கவேண்டும் என்றார்.

நங்கையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லீங்களா?”

“இல்லீங்க,” என்றார் டாக்டர். “இத்தனையையும் வெச்சுட்டு தெனமும் வேலைக்குப் போயிருக்கறீங்க. பயந்தவங்க செய்யற காரியமா இது?”

அப்போது அழுதாள் பாருங்கள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் இறங்கியது. நானும் அழுதேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே மூக்கைச் சிந்தினாள்.

போதை மறப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பெஞ்சு முழுக்க ஆண்கள். பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் புருஷனையோ மகனையோ கூட்டி வந்தவர்கள். அங்கே பெயர் எழுதிக்கொண்டிருந்த அம்மாள் நங்கையாவைப் பார்த்து, “உங்க ஊட்டுக்காரர் எங்கீங்க? அவரைக் கூப்பிடுங்க,” என்றார். “அவருக்கில்லீங்க, எனக்குத்தானுங்க,” என்றாள் நங்கையா. பெஞ்சே திரும்பிப் பார்த்தது. என் அண்ணன் அப்போது ஒரு நல்ல காரியம் செய்தான். நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவனிடம் குறை சொல்ல எனக்கு ஆயிரம் உண்டு, ஆனால் அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

அளவு குறையக் குறைய உடம்பு அவளைப் படாத பாடு படுத்தியது. வெசனம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் இழுத்துப் பழக ரப்பர் பட்டை வாங்கச் சொன்னார். கம்பெனிக் கழிவில் கிடந்த ஜட்டி எலாஸ்டிக்கைக் கேட்டு வாங்கி வந்தாள். தாயும் மகளும் காலையில் அதைக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுப்பார்கள். இனி வேடிக்கைக்காக விரலை வளைத்துக் காட்டக்கூடாது என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம். சூப்பர்வைசரிடம் போய்ச் சட்டைக் கை வேண்டாம், நேர்த்தையல் கொடுங்கள் என்று கேட்டாள்.

“இப்படிப்பட்ட கையை வெச்சுட்டு நேர்த்தையலுங்களா?”

“கையை வெச்சுக்கறதுக்குத்தானுங்க கேக்கறேன்.”

அவர் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் சமாளித்தவளால் டீ டைமைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவள் முகம் சுருங்கினால் பர்ஸ் திறக்கும். இந்தாங்க. ஊரிலேயே பெரிய மரியாதைக்காரி, வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? வாங்கி முந்தானை முனையில் முடிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அதை வாங்கிச் சாக்கடையில் போடுவான். பெரிய வெளிநாட்டு ஆர்டர் ஒன்று முடியவேண்டிய வாரம், தோள் இரண்டு முறை கழன்ற ஒரு நாளில், முடிச்சை அவிழ்த்து ஒன்றை விழுங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள். பிள்ளையைப் பார்க்க முகமில்லை என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இனி அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் டீ டைமில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் மட்டும் நின்றாள்.

“எல்லாரும் சித்தக் கேளுங்க. இனி என்ற கையில யாரும் மாத்திரை குடுக்காதீங்க. நான் அதுக்கு அடிமையாயிட்டேனுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கறேன். என்ற புள்ளைக்கும் குடுத்து அது சாவுக்குப் போயிட்டு வந்துது. நீங்க பிரியமாத்தான் குடுக்கறீங்க. குடுத்தா நான் வாங்கிருவனுங்க. வேண்டாமுன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க. அதனால இப்பவே சொல்லிப் போடறேன். வேண்டாங்க. எப்பவுமே வேண்டாங்க.”

கைதட்டல் ஒன்றும் விழவில்லை. வயசில் மூத்த ஒரு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்க என்ன விசமா குடுத்தோம்?” என்று டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார். சிலர் சில நாள் அவளோடு பேசவில்லை. அவள் காதுபடவே பேசினார்கள். நங்கையா தலை குனியாமல் தைத்தாள். ஒருநாள் கை கழுவும் இடத்தில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டெய்லர் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாக? நானும் வரட்டுமா?” என்று கேட்டாள். நங்கையா அவளை அடுத்த முறை தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு மட்டும் ஒரு பயம் பாக்கி இருந்தது. அவள் தன் வலியைத் தாங்கிவிடுவாள். மகளின் வலியைத் தாங்குவாளா என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் அதுவும் வந்தது. ஒரு சாயங்காலம் குழந்தை படியில் கால் பிசகி, முழங்கால் வீங்கி, சுருண்டு கிடந்தாள். டாக்டர் பார்த்துக் கட்டுப்போட்டு, ஓய்வும் ஒத்தடமும் போதும் என்று அனுப்பியிருந்தார். நான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். வாசற்படியில் நின்றுவிட்டேன்.

குழந்தை அழுதுகொண்டே உள்ளங்கையை நீட்டியிருந்தாள், மாத்திரைக்கு. நங்கையாவின் கை இடுப்புக்குப் போனது. அங்கே பர்ஸ் இல்லை. அந்தக் கையைக் கொண்டுவந்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

“வேண்டாங் கண்ணு. நோவு போறவரைக்கும் என்ற கையைப் புடிச்சுக்கோ. இறுக்கிப் புடி, பரவால்ல.”

குழந்தை இறுக்கிப் பிடித்தாள். விரல் மூட்டு நகர்வது எனக்கே தெரிந்தது. நங்கையா பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுக்காமல் இருந்தாள்.